உப்புக்காற்று முற்றத்துக்கு எந்த ஆளி? சுவர் ஆளியும் டொகிளும்

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டுக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி. வாடைக் காலத்தில் கடற்பக்கமிருந்து வரும் காற்று யன்னல் கண்ணாடியில் வெள்ளையாக உப்பைப் படியவிட்டுத்தான் போகும். இந்த முற்றத்தில் கிணற்றடி மோட்டருக்கும், வெளிக் குசினி விளக்குக்கும், பின்வேலியோரத்து இரண்டு விளக்குகளுக்கும் பழைய வயரிங்கைக் கழற்றிப் புதிதாகச் செய்ய வேண்டி வந்தபோது, கம்பி, குழாய், ட்ரிப் சுவிட்ச் ஆகியவற்றை ஒரே நாளில் தீர்மானித்துவிட்டோம். ஆளியை, அதாவது சுவிட்சைத் தீர்மானிக்கத்தான் மூன்று கிழமை ஆயிற்று. முன்னர் அங்கே இருந்தவை வீட்டுக்குள் போடும் சாதாரண சுவர் ஆளிகள். அவற்றில் ஒன்றுகூட இரண்டு மாரியைத் தாண்டவில்லை.

எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் எழும் வழக்கமான சதுரச் சுவர் ஆளியையே மறுபடியும் போடலாம். அதே ஆளியை, மேலே ஸ்பிரிங் மூடி உள்ள வெளிப்புறப் பெட்டியோடு சேர்த்து வாங்கலாம். அல்லது, சிறு தண்டை மேலும் கீழும் தள்ளி இயக்கும் டொகிள் சுவிட்சை வாங்கி, இறப்பர் உறை போட்டு, மூடிய பிளாஸ்டிக் பெட்டியின் முகப்பில் துளையிட்டுப் பொருத்தலாம். நான் மூன்றாவதைத் தெரிந்தேன். இன்று கேட்டாலும் கிணற்றடிக்கு அதையே சொல்வேன்.

விலை, அழகு, கிடைக்கும் இடம் ஆகியவற்றில் சுவர் ஆளிதான் முன்னிற்கும். எந்த ஹாட்வெயார் கடையிலும் அது உண்டு. சுவரோடு ஒட்டி அழகாக இருக்கும். ஒன்று பழுதானால் அன்றைக்கே மாற்றலாம். நல்ல டொகிளையும் பெட்டியையும் சேர்த்துப் பார்த்தால் செலவு சில மடங்கு கூடும். கடைகளிலும் தேடித்தான் வாங்க வேண்டும். வீட்டுக்குள்ளே போடுவதற்கு இந்த ஒப்பீடே தேவையில்லை, சுவர் ஆளியே போதும். பதுளை வீதியில், கடலை விட்டு நெடுந்தூரம் உள்ளே, கரடியனாற்றில் இருக்கும் என் தங்கையின் வீட்டில் வெளி விறாந்தையில் போட்ட சுவர் ஆளிகள் பல வருடங்களாக ஒரு குறையுமின்றி வேலை செய்கின்றன. எங்கள் வீட்டில் அதே வகை ஆளி ஏன் கெட்டுப்போனது என்ற கேள்விதான் என்னை இந்த வேலையில் இறக்கியது.

கழற்றிய பழைய ஆளிகளை மேசையில் வைத்துப் பிரித்துப் பார்த்தபோது விடை கிடைத்தது. தொடுகைகள், அதாவது உள்ளே ஒன்றையொன்று தொட்டு மின்னோட்டத்தைக் கடத்தும் வெள்ளிப் புள்ளிகள், கறுத்திருந்தாலும் தேய்ந்திருக்கவில்லை. ஸ்பிரிங்கும் நன்றாகவே இருந்தது. கெட்டிருந்தவை பின்பக்கத்தில் கம்பி இறுக்கும் முடிவிடங்கள். பித்தளையில் பச்சைப் படிவு, அதை இறுக்கும் இரும்புத் திருகாணியில் துரு, செப்புக் கம்பியின் நுனியில் கருமை. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். எங்கள் பக்கத்தில் மாரி இரவுகளில் ஈரப்பதன் அந்த அளவுக்கு மேலேயே நிற்பதால், மழைத்துளி ஒன்றுகூட உள்ளே போகாத ஆளியிலும், படிந்த உப்பு தானாகவே உப்புநீராகிவிடுகிறது. இரண்டு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புநீர் நின்றால், அவற்றுள் ஒன்று மற்றதைக் காத்துத் தான் அழியும். பூச்சுப் போட்ட இரும்புத் திருகாணியும் பித்தளையும் செம்பும் ஒரே புள்ளியில் சந்திக்கும் முடிவிடத்தில் முதலில் போவது திருகாணிதான்.

திருகாணி தளர்ந்த பிறகு நடப்பது எளிய கணக்கு. இணைப்பில் ஓமின் பத்தில் ஒரு பங்கு தடை சேர்ந்துவிட்டதென்று வைத்துக்கொள்வோம். மூன்றரை அம்பியர் ஓடும்போது அந்தப் புள்ளியில் ஒன்றேகால் வாட் அளவு வெப்பம் பிறக்கும். ஆறு அம்பியர் ஓடினால் அது மூன்றரை வாட்டைத் தாண்டிவிடும், ஏனெனில் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. கடுகளவு இடத்தில் மூன்றரை வாட் என்பது பிளாஸ்டிக்கை மஞ்சளாக்கப் போதுமானது. சூட்டில் உலோகம் விரிந்து, ஆறும்போது சுருங்கி, இணைப்பு மேலும் தளரும். தடை மேலும் கூடும். எங்கள் பழைய மோட்டர் ஆளியின் பின்புறம் தீய்ந்திருந்ததற்கு இதுவே காரணம். ஆகவே, வெளியே போடும் எந்த ஆளியையும் நான் இப்போது முகத்தைப் பார்த்து மதிப்பதில்லை. திருப்பிப் பிடித்து அதன் முதுகைத்தான் பார்க்கிறேன்.

அந்த அளவுகோலில் சுவர் ஆளி தோற்றது. அழுத்தும் பலகைக்கும் சட்டத்துக்கும் இடையே உள்ள இடுக்கு, அசைவதற்காகவே விடப்பட்டது. அதன் வழியாகக் காற்று தங்குதடையின்றிப் பின்பக்கம் போகிறது. சுவருக்குள் பதித்த பெட்டியோ குழாய் வழியே வெளிக்காற்றோடு தொடர்புடையது.

ஸ்பிரிங் மூடியுள்ள வெளிப்புற ஆளி இதைவிட மேலானது, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். பெட்டியில் ஐபி 55, ஐபி 66 என்ற எண்களைக் காணலாம். முதல் இலக்கம் தூசைத் தடுக்கும் அளவையும் இரண்டாவது இலக்கம் நீரைத் தடுக்கும் அளவையும் குறிக்கும். 5 என்றால் பீறிட்டடிக்கும் நீரையும், 6 என்றால் இன்னும் வலுவாக அடிக்கும் நீரையும் தாங்கும். அயல்வீட்டில் ஒன்று போட்டிருக்கிறார்கள், மூன்று வருடமாகிறது, வேலை செய்கிறது. ஆனால் அந்த எண் மூடி மூடியிருக்கும் நிலைக்கே பெரும்பாலும் பொருந்துகிறது. கிணற்றடியில் ஈரக்கையோடு மோட்டரைப் போடுகிறவர் மூடியைத் தூக்கி, ஆளியை அழுத்தி, மூடியை விடுகிறார். அந்தச் சில கணங்களில் ஈரம் நேரே ஆளிமேல் விழுகிறது. மூடியின் கீல் வெயிலில் உடைந்தால் பாதுகாப்பும் அதோடு போய்விடும். அயலாரின் மூடி இப்போதே ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்கிறது.

டொகிளில் அசையும் இடம் ஒரு சிறு தண்டு மட்டுமே. அதை முழுவதுமாக மூடும் இறப்பர் உறை தனியாகவே விற்கிறது. அதன் அடியிலுள்ள நட்டை ஆளியின் கழுத்தில் திருகினால், தண்டு அசையும்போது உறையும் கூடவே வளைந்துகொடுக்கும், இடுக்கு எங்கும் திறப்பதில்லை. கழுத்துக்குப் பன்னிரண்டு மில்லிமீற்றர் துளை ஒன்று போதும். இறப்பர் வெயிலில் வெடித்தாலும் உறையை மட்டும் மாற்றலாம், வயரிங்கைத் தொட வேண்டியதில்லை. பராமரிப்பு என்று நான் சொல்வது இதைத்தான்.

ஆயினும் டொகிளிலும் ஒரு பொறி உண்டு. ஐபி 67 என்று எழுதிய ஒன்றை வாங்கி வந்து, இனிக் கவலையில்லை என்று காட்டியபோது, எங்கள் வேலையைச் செய்த மூத்த வயர்மன் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது முன்னுக்கு மட்டுந்தான் மூடியிருக்கு, பின்னுக்குத் திறந்து கிடக்குதே, பாருங்க" என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. அந்த எண் பெரும்பாலும் முகப்புப் பக்கத்துக்கு உரியது. முடிவிடங்களைக் காப்பது நாம் போடும் பெட்டிதான். ஆகவே இறப்பர் வளையமுள்ள மூடியோடு கூடிய பெட்டியை எடுத்தோம். கம்பிகளைக் கீழ்ப்பக்கமாகவே, கம்பியைச் சுற்றி இறுகித் துளையை அடைக்கும் கிளாண்ட் போட்டு உள்ளே விட்டோம். உள்ளே வருமுன் கம்பி ஒரு தொங்கல் வளைவு எடுக்கும்படி வைத்ததால், அதன்மீது வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும். இடைவெளிகளை அடைக்கும் சிலிக்கனிலும் கவனம் வேண்டும். வினாகிரி மணம் வீசும் மலிவான வகை உலரும்போது அசற்றிக் அமிலத்தை வெளிவிடும், அது செம்பை அரிக்கும். மணமற்ற நடுநிலை வகையையே கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்தது, ஆளியின் உடலில் பொறித்திருக்கும் எண்கள். வாகன உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கும் டொகிள்களில் 12 வோல்ட், 20 அம்பியர் என்று இருக்கும். அம்பியர் கூடுதலாக இருக்கிறதே என்று அவற்றை வீட்டின் 230 வோல்ட்டுக்குப் போடுவது உயிராபத்து. அவற்றின் காவலிகளும் தொடுகை இடைவெளியும் அந்த வோல்ட்டுக்காகச் செய்யப்பட்டவையல்ல. 125 வோல்ட்டில் 15 அம்பியர், 250 வோல்ட்டில் 10 அம்பியர் என இரண்டு வரிகள் இருந்தால் நமக்குரியது இரண்டாவது வரி மட்டுமே. அதுவும் சூடேற்றி போன்ற எளிய சுமைக்கே நேரடியாகப் பொருந்தும். எங்கள் மோட்டர் அரைக் குதிரைவலு, ஓடும்போது மூன்றரை அம்பியர் அளவே எடுக்கும். ஆனால் தொடங்கும் கணத்தில் அதன் ஐந்து, ஆறு மடங்கு பாயும், நிறுத்தும்போது தொடுகைகளுக்கிடையே பொறி பறக்கும். எனவே குதிரைவலு அளவு தனியாகப் பொறித்திருக்கும் டொகிளையே எடுத்தேன். ஒரு குதிரைவலுவும் அதற்கு மேலும் என்றால் டொகிளை நேரே நம்பாமல், அது ஒரு கொன்டாக்டரை, அதாவது பெரிய மின்னோட்டத்துக்கென மின்காந்தத்தால் இயங்கும் ஆளியை இயக்க, மோட்டரின் மின்னோட்டம் கொன்டாக்டர் வழியே போகுமாறு செய்வது நல்லது என்று வயர்மன் சொன்னார். எங்கள் வீட்டில் அது தேவைப்படவில்லை.

விளக்குகளுக்குச் சுவர் ஆளி வாங்குவோர் 10ஏஎக்ஸ் என்ற குறியைப் பார்த்து வாங்கட்டும். அந்த எக்ஸ், குழல் விளக்குச் சுமையையும் தாங்கும் என்பதைச் சொல்கிறது.

மோட்டருக்கு நான்கு முடிவிடமுள்ள இரட்டைமுனை டொகிளைப் போட்டோம். அது உயிர்க் கம்பியையும் நொதுமல் கம்பியையும் ஒன்றாகத் துண்டிக்கிறது. நீர் நிற்கும் இடத்தில் ஒரு கம்பியை மட்டும் துண்டித்துவிட்டு மோட்டரில் கைவைக்க எனக்கு மனம் வரவில்லை. உலோகத் தண்டும் கழுத்தும் உள்ள ஆளியைப் பிளாஸ்டிக் பெட்டியில் பொருத்தும்போது, அந்த உலோகம் எதனோடும் புவித்தொடுப்பு இல்லாமல் தனித்து நிற்கும் என்பதையும் மறக்கக் கூடாது. கழுத்து நட்டின் கீழ் வளைய முனையொன்றை வைத்துப் புவிக் கம்பியை இணைத்தோம். முப்பது மில்லி அம்பியர் மின்கசிவில் விழும் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதுதான். ஆனாலும் கிணற்றடியில் எங்கள் அம்மா வெறுங்காலோடு நிற்பார்.

முடிவிடங்களில் திருகாணி வகையையே தெரிந்தேன். தட்டையான நாக்கு வகைக்குச் சரியான இடுக்கியால் முனையை அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்தக் கருவி எங்களிடம் இல்லை. மோட்டருக்கு 7/0.67, விளக்குகளுக்கு 1/1.13 கம்பி; முதல் எண் இழைகளின் எண்ணிக்கை, அடுத்தது ஓர் இழையின் விட்டம் மில்லிமீற்றரில். இறுக்கிய பிறகு முடிவிடங்களின்மீது மெல்லிய வசலின் பூச்சு, தொடுகைகளுக்குள் போகாதபடி. வருடத்துக்கொருமுறை, வாடை தொடங்குமுன், மெயின் சுவிட்சை நிறுத்தி, ரெஸ்ரரால் சரிபார்த்து, பெட்டியைத் திறந்து திருகாணிகளை ஒரு சுற்று பார்க்கிறோம். இதுவரை மூன்று மாரி போயிருக்கிறது. பச்சைப் படிவு இல்லை. மூன்று மாரி என்பது பெரிய கால அளவல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். பத்து வருடம் தாங்குமா என்று கேட்டால், இறப்பர் உறையைக் குறைந்தது இருமுறையாவது மாற்ற வேண்டிவரும் என்பதே என் எதிர்பார்ப்பு.

பின்வேலி விளக்குகளில் ஒன்று சூரியப் பலகையில் 12 வோல்ட்டில் ஓடுகிறது, அதற்கும் டொகிளே. ஆடலோட்டம் எங்கள் 50 ஹேட்ஸில் விநாடிக்கு நூறு தடவை பூச்சியத்தைத் தொடுவதால் தொடுகைகளுக்கிடையே எழும் பொறி தானே அணைகிறது; நேரோட்டத்தில் அந்த வசதி இல்லை. 1884இல் நியூகாசிலில் ஜோன் ஹென்றி ஹோம்ஸ், மெதுவாகத் தள்ளினாலும் சட்டென்று பிரியும் ஆளியை அமைத்ததும் இந்தப் பொறியை வெல்லத்தான். டொகிளைத் தள்ளும்போது கேட்கும் 'டக்' ஒலி அந்த விரைவின் ஒலி. நேரோட்டத்துக்கு வாங்கும்போது அதற்கென்று தனியாகப் பொறித்த அளவைத்தான் பார்க்க வேண்டும். வோல்ட் ஏற ஏற அந்த அளவு விரைவாகக் குறையும். என்னிடம் இருப்பது ஒரேயொரு சிறு விளக்கு, ஒரு வருட அனுபவம். பெரிய சூரிய மின் அமைப்புக்கு என் சொல்லை நம்பி இறங்க வேண்டாம்.

பொருத்தும்போது திசையைக் கவனியுங்கள். நம் வீடுகளில் ஆளியைக் கீழே அழுத்தினால் விளக்கு எரியும். டொகிளோடு வரும் சிறு தகட்டிலோ மேலே தள்ளினால் எரிவதாகப் பொறித்திருப்பது உண்டு. நாங்கள் தகட்டைக் கழற்றிவிட்டு, ஆளியைத் திருப்பிப் பொருத்தி, கீழ்ப்பக்கத்தில் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்தோம். இருட்டில் கைபோகும் பழக்கத்தோடு அது ஒத்துப்போகிறது.