கட்டைவிரலுக்கு எட்டாத மூலை

போன மாதம் என் ஐஃபோன் 15-க்கு முன்பக்கக் கண்ணாடி மாற்ற வேண்டி வந்தது. தாம்பரம் ரயில் நிலையப் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தேன். ஒரு கையில் சாப்பாட்டுப் பை, மறு கையில் போன். வங்கிச் செயலி ஒன்றில் இடது மேல் மூலையிலிருந்த அம்புக்குறியைத் தொடுவதற்காகக் கட்டைவிரலை நீட்டினேன். விரல் எட்டவில்லை; போன் நழுவி நாலைந்து படி தாண்டிப் போய் விழுந்தது. "நடக்கும்போது போன் பார்ப்பவருக்கு இது வேண்டியதுதான்" என்றாள் மனைவி. மறுத்துப் பேச என்னிடம் ஒன்றுமில்லை.

பழுது பார்க்கக் கொடுத்த இரண்டு நாளும் இழுப்பறையில் கிடந்த பழைய ஆண்ட்ராய்டு போனில் சிம்மைப் போட்டுக்கொண்டேன். பிறந்த வீட்டுக்கு வந்த பெண்போல என் கட்டைவிரல் உரிமையோடு உலவத் தொடங்கிவிட்டது. வலது ஓரத்தில் லேசாக ஒரு தள்ளல், முந்தைய பக்கம் வந்துவிடும். இடது ஓரத்தில் தள்ளினாலும் அதே. இந்தச் சின்னச் சுகத்தை இரண்டு ஆண்டுகளாக இழந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஐஃபோனா ஆண்ட்ராய்டா என்ற வழக்கில் கேமரா, பேட்டரி எல்லாம் எல்லோரும் எழுதியாகிவிட்டது. எனக்குப் பேச்சு இந்த ஒன்றைப் பற்றித்தான்: பின்னால் போவது.

2008-இல் வந்த முதல் ஆண்ட்ராய்டு போனிலேயே அதற்கென்று தனிப் பொத்தான் இருந்தது. பிறகு அது திரைக்குள் வந்தது. 2019-இல் ஆண்ட்ராய்டு 10 வந்தபோது இரண்டு ஓரங்களுக்கும் அந்த வேலையைக் கொடுத்தார்கள். பழைய மூன்று பொத்தான்களே போதும் என்பவர்கள் இன்றும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஐஃபோனுக்கு 2013-இல், அதன் இயங்குதளமான ஐஓஎஸ்-இன் 7-ஆம் பதிப்பில், ஓரத்திலிருந்து தள்ளும் வசதி வந்தது. ஆனால் இடது ஓரம் மட்டும். அன்றைய நான்கு அங்குலத் திரைக்கு அது போதும். என் போன் 6.1 அங்குலம், நான் வலது கைக்காரன், மின்சார ரயிலில் இடது கை மேலே கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருக்கும். இடது கையில் போன் பிடிப்பவர்களுக்கு இந்தப் புலம்பல் புரியாது.

2014-இல் திரை பெரிதானபோது இதற்கு ஒரு மாற்று வழியும் வந்தது. திரையின் மேல்பாதி கீழே இறங்கி வரும், தொட்டுக்கொள்ளலாம். பரணில் இருக்கும் அண்டாவை எடுப்பதற்குப் பரணையே இறக்குவது போன்ற ஏற்பாடு.

போதாக்குறைக்கு ஐஃபோனில் திரும்பிப் போக ஒரே வழி என்று எதுவும் இல்லை. வலப்பக்கத்திலிருந்து வந்த பக்கத்தை இடது ஓரத்திலிருந்து தள்ள வேண்டும். கீழிருந்து எழும்பி வந்ததைக் கீழே இழுக்க வேண்டும். சிலவற்றுக்கு மேல் மூலையில் பெருக்கல் குறி இருக்கும். வந்த வழியை நினைவில் வைத்திருப்பவனுக்குத்தான் வெளியேறும் வழி தெரியும்.

2025 செப்டம்பரில் ஐஓஎஸ் 26 வந்தது. ஊரே கண்ணாடி போன்ற புதுத் தோற்றத்தைப் பற்றிப் பேசியது. நான் கண்டுபிடித்தது வேறு. ஒருநாள் இரவு அமைப்புகள் பக்கத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தபோது, திரையின் நடுவில் விரல் பட்டு வலப்பக்கமாக நகர்ந்தது. பக்கம் முழுவதும் விரலோடு வந்தது. மறுபடி செய்து பார்த்தேன். ஆமாம், ஓரம் தேவையில்லை, நட்டநடுவிலிருந்தே இழுக்கலாம். தூங்கிக்கொண்டிருந்த மனைவியை எழுப்பிக் காட்டினேன். அது தவறு என்று பிறகு புரிந்தது.

ஆனால் செயலியை எழுதியவர்கள் இந்தப் புது முறைக்கு மாற்றியிருந்தால்தான் இது வேலை செய்யும். என் கண்ணாடியைக் காவு வாங்கிய வங்கிச் செயலியில் பழைய அம்புக்குறிதான், பழைய மூலைதான்.

நியாயமாகவும் பேச வேண்டும். ஐஃபோனில் பக்கத்தை இழுக்கும்போது அடியில் இருக்கும் பக்கம் தெரியும். பாதி இழுத்துவிட்டு, வேண்டாம் என்று விட்டுவிடலாம். ஆண்ட்ராய்டில் நெடுங்காலம் அது கிடையாது. ஓரத்தைத் தள்ளினால் முந்தைய பக்கமா, செயலியைவிட்டே வெளியேற்றமா என்று தள்ளிய பிறகுதான் தெரியும். போக இருக்கும் இடத்தை முன்கூட்டிக் காட்டும் வசதியை 2022-இல் ஆண்ட்ராய்டு 13-இல் சோதனையாகக் கொண்டுவந்தார்கள். தயாராக இருந்த செயலிகளில் எல்லோர் கைக்கும் அது கிடைத்தது 2024-இல் ஆண்ட்ராய்டு 15-இல். என் பழைய போனில் அது இல்லை. மின் கட்டணம் கட்ட இணைப்பு எண்ணை அடித்துக்கொண்டிருந்தபோது உள்ளங்கை ஓரத்தில் பட்டது. அடுத்த நொடி முகப்புத் திரை. எண்ணை முதலிலிருந்து அடித்தேன். உரிமையோடு உலவிய விரலும் கையும் அங்கே என்னைக் கவிழ்த்துவிட்டன.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். குறுஞ்செய்தியில் வரும் ஓடிபி விசைப்பலகைக்கு மேலேயே வந்து நிற்பதும், ஐஓஎஸ் 17 முதல் பயன்படுத்திய பிறகு தானே அழிந்துவிடும்படி வைக்க முடிவதும் தினமும் நான் நன்றி சொல்லும் வசதி. கூகுளின் மெசேஜஸ் செயலியும் அழிக்கும், ஆனால் 24 மணி நேரம் கழித்து.

கண்ணாடி மாற்றிய செய்தி கேட்டு மைத்துனன் போன் செய்தான். "அத்தான், விலை குறைந்திருக்கிறதாம். நானும் ஐஃபோனுக்கு மாறிவிடலாமா?"

"வேண்டாம். உன் கட்டைவிரல் நிம்மதியாக இருக்கட்டும்."

"அப்படியானால் உங்களுடையதைப் பாதி விலைக்கு எனக்குத் தந்துவிடுங்களேன்."

"அதெல்லாம் தர முடியாது" என்றேன். ஏன் என்று கேட்டான். புதுக் கண்ணாடி போட்டிருக்கிறேன் என்று சொல்லி வைத்தேன்.

நேற்று அந்த வங்கிச் செயலிக்கு அப்டேட் வந்தது. திறந்ததும் திரையின் நடுவில் விரலை வைத்து இழுத்தேன். பக்கம் அசையவில்லை. சலுகை வட்டியில் தனிநபர் கடன் வேண்டுமா என்று கேட்டது. அதை மூடுவதற்கான பெருக்கல் குறி இடது மேல் மூலையில் இருந்தது.