ஆல்ஃபா ஸ்லாப் ஒன்: கடை போர்டு போடுறவங்களுக்கு ஒரு ரிவ்யூ

மும்பைல தாராவி, சயன், மாட்டுங்கா பக்கம் கடை போர்டு டிசைன் பண்ற நம்ம ஆளுங்க யாராவது இங்கிலீஷுக்கு தடியா ஒரு ஃபான்ட் கேட்டா நான் முதல்ல சொல்றது ஆல்ஃபா ஸ்லாப் ஒன் தான். கூகுள் ஃபான்ட்ஸ்ல ஃப்ரீ, கமர்ஷியல் வேலைக்கும் தாராளமா போடலாம்.

எழுத்தோட தலையிலயும் அடியிலயும் வர்ற குட்டிக் கோட்டுக்கு செரிஃப்னு பேரு. மத்த செரிஃப் ஃபான்ட்ல அது ஒல்லியா முடியும், ஸ்லாப்ங்கற வகையில கட்டையா நிக்கும். 1800-கள் ஆரம்பத்துல லண்டன்ல செவுத்துக்கு செவுரு போஸ்டர் ஒட்டி விளம்பரம் பண்ண காலத்துல வந்த ஸ்டைல் இது, தூரத்துல போறவன் கண்ணுல படணும்ங்கறதுதான் கணக்கு. 1821ல தோரோகுட் ஃபவுண்டரி (அச்சு எழுத்து வார்க்குற பட்டறை) வெளியிட்ட ஒரு எழுத்த வச்சுதான் ஆல்ஃபா ஸ்லாப்ப வரைஞ்சிருக்காங்க. நம்ம தாராவி 90 அடி ரோடு கூட்டத்துலயும் அதே கணக்கு அப்படியே செல்லுது, பஸ்ல போறவங்க கூட கடை பேர படிச்சிடுவாங்க.

வேலை பாக்கவும் சுகம். வினைல் ஸ்டிக்கர வெட்டி வேண்டாதத உரிக்கும்போது ஒல்லி எழுத்துன்னா கூடவே பிச்சுக்கிட்டு வரும், இது அசையாம ஒட்டிக்கிட்டு நிக்கும். ஆக்ரிலிக் லெட்டர் செஞ்சா உள்ள எல்இடி வைக்க தாராளமா இடம் இருக்கு.

ஆனா ரெண்டு மூணு வார்த்தைக்கு மேல போடாதீங்க ப்ளீஸ். ஒரு மெஸ்ல மெனு மொத்தமும் இதுலயே அடிச்சிருந்தாங்க, எது தோசை எது விலைன்னே கண்ணு பிரிக்க மாட்டேங்குது. இங்கிலீஷ் ஸ்மால் லெட்டர் 'a', 'e' உள்ள இருக்குற ஓட்டை ரொம்பச் சின்னது, விசிட்டிங் கார்டு சைஸ்ல இங்க் ஏறி அடைச்சிடும். வெயிட்டும் (எழுத்தோட தடிமன்) ஒண்ணே ஒண்ணுதான். அட்ரஸ், செல் நம்பருக்கு ரோபோட்டோ ஸ்லாப் எடுங்க, அதுல மெல்லிசுல இருந்து தடி வரைக்கும் எல்லாம் இருக்கு.

மும்பைல இன்னொரு விஷயம் இருக்கு. 2022ல திருத்தின சட்டப்படி போர்டுல மராத்தி கட்டாயம், அதுவும் மத்த மொழி எழுத்த விட சின்னதா இருக்கக் கூடாது. ஆல்ஃபா ஸ்லாப் இருக்குற கனத்துக்கு உயரம் சமமா வச்சாலும் பக்கத்துல இருக்குற மராத்தி இளைச்சுப் போன மாதிரி தெரியும், அதனால இங்கிலீஷ ஒரு படி இறக்கிடுங்க. இந்த ஃபான்ட்ல மராத்தியும் கிடையாது, தமிழும் கிடையாது. நான் மராத்திக்கு பாலூ, தமிழுக்கு பாலூ தம்பி போடுறேன், ரெண்டும் இதே மும்பைல இருக்குற ஏக் டைப்ங்கற ஃபான்ட் கம்பெனி பண்ணது, ஒரே குடும்பம்ங்கறதால கனம் ஒத்துப் போகும்.

சில பேரு தமிழ் எழுத்துக்கே கட்டை ஒட்டி ஸ்லாப் ஆக்கப் பாக்குறாங்க. 'ப'வோட ரெண்டு தலையிலயும் ஒட்டினா பாக்க நல்லாதான் இருக்கு, அதையே 'ண', 'இ' கிட்ட கொண்டு போனா சுழி அடைஞ்சு எழுத்தே செத்துப் போயிடுது. தமிழுக்கு அதோட வளைவுதான் அழகு, அத விட்டுடுங்க.

பிரஸ்ஸுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி எழுத்த கர்வ்ஸா (ஃபான்ட் தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமா) மாத்திடுங்க, அங்க இந்த ஃபான்ட் இல்லன்னா வேற எழுத்துல அடிச்சு வந்துடும்.