தலைக்கவச இன்டர்காம்: இருவருக்கு ஒன்று, கூட்டத்துக்கு வேறொன்று

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். முதன்முறை நாங்கள் ஐந்து வண்டிகளில் ஏறியபோது எல்லோருடைய ஹெல்மெட்டிலும் ஓட்டிக்கொண்டே ஒருவரோடொருவர் பேச உதவும் இன்டர்காம், ஒரே மாதிரியான, விலை குறைந்த புளூடூத் கருவி இருந்தது. ஒரு கிலோமீட்டருக்கு மேல் பேசலாம் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தார்கள். ஐந்தாவது வளைவைத் தாண்டுவதற்குள் முன்னால் போனவரின் குரல் கரகரத்து, துண்டு துண்டாகி, நின்றே போயிற்று. அவர் மேல் வளைவில் இருந்தார். நான் அவருக்கு நேர் கீழே, கூப்பிடு தூரத்தில். மேலிருந்து பஸ் இறங்குகிறது என்று அவர் சொன்ன எச்சரிக்கை என்னிடம் வந்து சேரவில்லை. பஸ்ஸின் ஹாரன்தான் வந்தது. ஓரத்து மண்ணில் வண்டியை இறக்கி நிறுத்தியபோது கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு பல கருவிகளைப் பயன்படுத்திவிட்டேன். நண்பர்களுடையவற்றையும் வாங்கிப் பார்த்திருக்கிறேன். எந்த இன்டர்காம் நல்லது என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: யாரோடு பேசப் போகிறீர்கள்? பின்னால் அமர்ந்திருக்கும் மனைவியோடா, கூட வரும் ஒரே நண்பரோடா, எட்டுப் பேர் கொண்ட குழுவோடா? விலையும் நிறுவனமும் இந்தப் பதிலுக்குப் பிறகுதான் வர வேண்டும். விளம்பரங்கள் தூரத்தைச் சொல்லி விற்கின்றன. தூரம் என்பது மைதானத்தில் அளந்த கணக்கு.

கொல்லிமலையில் நடந்தது என்ன என்று புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். புளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். அதன் அலைநீளம் சுமார் 12 சென்டிமீட்டர். இவ்வளவு சிறிய அலை மலையைச் சுற்றி வளைந்து வராது, பாறையைத் துளைத்தும் வராது. ஈரமான இலைகளும் மனித உடலும்கூட அதை உறிஞ்சிக்கொள்ளும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு கிலோமீட்டர் தெளிவாகக் கேட்கும் அதே கருவி, கொண்டை ஊசி வளைவில் ஐம்பது மீட்டரில் ஊமையாவது இதனால்தான். கருவியில் பழுதில்லை. இடையில் மலை நிற்கிறது.

சாதாரண புளூடூத் இன்டர்காமுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. மூன்று நான்கு பேர் இணையும்போது அது சங்கிலியாகத்தான் இணையும். முதலாமவர் இரண்டாமவரோடு, இரண்டாமவர் மூன்றாமவரோடு என்று கை கோத்து நிற்பது போல. நடுவில் ஒருவர் பெட்ரோல் போட ஒதுங்கினால் சங்கிலி அறுந்துவிடும். மீண்டும் கோக்க எல்லோரும் நின்று பொத்தான்களை அழுத்த வேண்டும்.

இதற்கு மாற்றாக வந்த இணைப்பு முறைதான் மெஷ். மெஷ் என்பது வலை. ஒவ்வொரு கருவியும் எட்டும் தூரத்தில் இருக்கும் எல்லாக் கருவிகளோடும் ஒரே நேரத்தில் தொடர்பு வைத்திருக்கும். ஒருவர் விலகினால் குரல் வேறு வழியில் போய்ச் சேரும். அவர் திரும்பி வந்தால் தானாக ஒட்டிக்கொள்ளும். மலைப்பாதையில் இதன் அருமை தெரியும். மேல் வளைவில் இருப்பவரை என்னால் நேரடியாக எட்ட முடியாது. ஆனால் வளைவின் முனையில் திரும்பிக்கொண்டிருக்கும் நடு வண்டிக்கு இருவரும் தெரிகிறோம். அவருடைய கருவி எங்கள் குரலைக் கடத்திவிடும். ஆறு பேர் சென்றால் ஆறு அஞ்சல்காரர்கள்.

இரண்டே வண்டிகள் என்றால் கடத்துவதற்கு நடுவில் யாருமில்லை. அப்போது அறுந்தால் தானே ஒட்டிக்கொள்ளும் வசதி மட்டும்தான் மெஷ்ஷில் மிச்சம். மலையைத் தாண்டிப் பேசும் வலிமை கிடையாது. ஒரே வண்டியில் முன்னும் பின்னும் அமர்ந்து பேசும் இருவருக்கோ அது முழுக்கவும் தேவையற்ற செலவு. கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். மனைவியோடு மட்டும் பயணம் செய்யும் ஒருவர் இரண்டு மெஷ் கருவிகளுக்கு அறுபது எழுபதாயிரம் ரூபாய் கொடுத்துவிட்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பணத்தில் இருவருக்கும் நல்ல ஹெல்மெட்டும் கையுறையும் ஜாக்கெட்டும் வாங்கியிருக்கலாம்.

எனவே இருவருக்கான களத்தில் போட்டி வேறு. இங்கே நான் முதலில் சொல்வது கார்டோ நிறுவனத்தின் ஃப்ரீகாம் 2எக்ஸ், அல்லது அதே நிறுவனத்தின் ஸ்பிரிட் வரிசை. 2எக்ஸ் இருவருக்கென்றே செய்தது. 800 மீட்டர் என்கிறார்கள். பின்னிருக்கைக்கு ஒரு மீட்டர் போதும். மூன்று நான்கு பேராகும் வாய்ப்பு இருந்தால் 4எக்ஸ். அது நால்வர் வரை, 1.2 கிலோமீட்டர் என்ற கணக்கில். இவற்றுக்கு எதிர்ப்புறம் நிற்பவை சீனத்து ஈஜியாஸ், ஃப்ரீட்கான், ஃபோட்ஸ்போர்ட்ஸ் போன்றவற்றின் புளூடூத் கருவிகள். விலையில் பெரிய இடைவெளி. பின்னிருக்கையோடு பேச மட்டும் என்றால் இந்தச் சீனக் கருவிகளை நான் மனமார ஆதரிக்கிறேன். நகரத்து வேகத்தில் குரல் புரியும், வழிகாட்டும் வரைபடத்தின் குரல் கேட்கும், அழைப்பு எடுக்கலாம். எண்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் காற்றின் இரைச்சலை மைக் பிரித்துப் பார்ப்பதில் வித்தியாசம் தெரியத் தொடங்கும். விலை கூடிய கருவியில் நாம் காசு கொடுத்து வாங்குவது பெரும்பாலும் அந்த இரைச்சல் நீக்கத்தைத்தான்.

ஓர் எச்சரிக்கை. விலை குறைந்த கருவிகள் சிலவற்றின் பெட்டியில் ஆறு பேர் என்று பெரிதாகப் போட்டிருக்கும். ஆறு பேரை இணைத்து வைக்கலாம்; ஒரே நேரத்தில் பேசக்கூடியவர்கள் இருவர் மட்டுமே. மற்றவரோடு பேசப் பொத்தானை அழுத்தி மாற வேண்டும். ஆறு பேர் சேர்ந்து பேசுவது வேறு, ஆறு பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்துப் பேசுவது வேறு. வாங்குமுன் இந்த ஒன்றைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

இனி குழு. இங்கே உண்மையான போட்டி இரண்டு பேருக்குள்தான் வெகுநாள் நடந்தது: இஸ்ரேலின் கார்டோ, தென்கொரியாவில் பிறந்த சேனா. கார்டோ 2004இலேயே ஹெல்மெட்டுக்கான புளூடூத் கருவியைக் கொண்டுவந்துவிட்டது; 2015இல் பேக்டாக் என்ற கருவியோடு மெஷ்ஷை இந்தத் துறைக்குள் நுழைத்ததும் அதுதான். சேனா பின்னால் வந்து வேகமாக எட்டிப் பிடித்தது. பேக்டாக் எட்ஜ், சேனா 50எஸ் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசுகிறேன். இவற்றுக்குப் பிறகு புதிய மாடல்கள் வந்துவிட்டாலும் இரண்டு நிறுவனங்களின் குணமும் இந்த இரண்டில் தெளிவாகத் தெரியும்.

எட்ஜில் ஒரு குழுவில் 15 பேர். சேனாவில் மூடிய குழுவில் 24 பேர். அதோடு திறந்த மெஷ் என்ற ஒன்றும் இருக்கிறது. ஒன்பது அலைவரிசைகளில் ஒன்றை எல்லோரும் வைத்துக்கொண்டால் போதும், எண்ணிக்கைக்கு வரம்பில்லை, முன்கூட்டி இணைக்கவும் தேவையில்லை. வழியில் சந்திக்கும் முகம் தெரியாத பயணி சேனா வைத்திருந்தால் அப்படியே பேச்சில் கலந்துகொள்ளலாம். பெரிய சங்கங்கள் நடத்தும் பயணங்களுக்கு இது பெரும் வசதி. ஆனால் ஐந்தாறு பேராகச் செல்லும் எங்களைப் போன்றவர்களுக்கு 15 என்ன, 24 என்ன? அத்தனை பேர் ஒரே நேரத்தில் பேசினால் அது சந்தைக்கடை. முன்னால் மணல் கிடக்கிறது என்ற ஒரு சொல் அதில் அமிழ்ந்துவிடும். எட்டுப் பேருக்கு மேல் போனால் குழுவைப் பிரியுங்கள் என்பதே என் கருத்து, கருவி எதுவானாலும்.

மழையில் கார்டோ முன்னால் நிற்கிறது. எட்ஜுக்கு ஐபி67 தரம். அதாவது ஒரு மீட்டர் நீரில் அரை மணி நேரம் மூழ்கினாலும் தாங்க வேண்டும். சேனா 50எஸ் நீரை எதிர்க்கும் என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறது. வடகிழக்குப் பருவமழையில் ஐப்பசி கார்த்திகை மாதங்களில் வண்டி ஓட்டுகிறவருக்கு இந்த வேறுபாடு பெரிது. நனைந்த கருவியைக் காயவைத்துக் காத்திருந்த அனுபவம் எனக்கு உண்டு, அது வேறொரு நிறுவனத்தின் கருவி. மூன்றாம் நாள் அது உயிர் பெறவே இல்லை.

பேட்டரியில் எட்ஜ் 13 மணி நேரம் என்கிறது. சேனா புளூடூத்தில் 14, மெஷ்ஷில் 9. காலை ஐந்து மணிக்குச் சென்னையில் கிளம்பி மாலையில் மூணாறு சேர நினைப்பவர் இந்த ஒன்பதைக் கவனிக்க வேண்டும்; உணவுக்கு நிற்கும்போது சார்ஜ் போட்டுக்கொண்டால் சமாளித்துவிடலாம். கையுறையோடு இயக்குவதில் எனக்குச் சேனாவின் திருகு சக்கரம்தான் பிடிக்கும். பெரிதாக, விரலுக்கு அடங்குவதாக இருக்கிறது. கார்டோவில் பக்கவாட்டு உருளை மெல்லியது, தடித்த கையுறைக்கு ஒரு கணம் தேட வைக்கும். அதற்கு ஈடாக "ஹே கார்டோ" என்று வாயால் சொல்லி இயக்கலாம், இணையம் இல்லாத காட்டுப் பாதையிலும். எட்ஜ் காந்தத்தில் சட்டென்று ஒட்டிக்கொள்ளும், கழற்றுவதும் எளிது. டீக்கடையில் ஹெல்மெட்டை வண்டியிலேயே விட்டுச் செல்லும் நம் வழக்கத்துக்கு நல்ல ஏற்பாடு.

இரண்டில் ஒன்றைச் சொல் என்றால் எனக்குக் கார்டோ, காரணம் மழை. ஆனால் உங்கள் குழுவில் நான்கு பேர் ஏற்கெனவே சேனா வைத்திருந்தால் நீங்கள் யோசிக்கவே கூடாது, சேனாதான். ஒரு நிறுவனத்தின் மெஷ் இன்னொன்றின் மெஷ்ஷோடு பேசாது. புளூடூத் வழியாக ஒட்டுப் போடலாம். வேறு நிறுவனக் கருவியை உங்கள் கருவி ஒரு கைப்பேசி என்று நம்பி இணைத்துக்கொள்ளும். பேச்சு வரும், ஆனால் மெஷ்ஷின் தானே ஒட்டிக்கொள்ளும் குணம் அந்தக் கண்ணியில் இருக்காது. பல நேரம் உங்கள் கைப்பேசிக்கான இடத்தையும் அது பிடித்துக்கொள்ளும். எங்கள் குழுவில் ஒரே ஒருவர் வேறு நிறுவனத்துக் கருவி வாங்கினார். ஒவ்வொரு பயணத்திலும் முதல் அரை மணி நேரம் அவரை இணைப்பதிலேயே போனது.

விலை இடிக்கிறதே என்பவர்களுக்கு நடுவில் ஒரு வழி இருக்கிறது. பெங்களூருவின் புளூஆர்மர், ஹெல்மெட்டுக்குள் குளிர்காற்று ஊதும் கருவிகள் செய்து தொடங்கிய நிறுவனம், சி30 என்ற கருவியில் சொந்த மெஷ் தருகிறது. நம் நாட்டு நிறுவனம் என்பதால் பழுது பார்க்க வெளிநாட்டுக்கு அனுப்பும் அலைச்சல் குறைவு. ஈஜியாஸ் முதலான சீன நிறுவனங்களும் மெஷ் கருவிகளை விற்கின்றன. குழுவில் ஐவரும் சேர்ந்து ஒரே நாளில் வாங்குவதாக இருந்தால் இவை தாராளமாகப் பரிசீலிக்கத் தக்கவை. பழைய நண்பர்கள் யாரிடமும் வேறு கருவி இல்லை என்ற நிலையில்தான் இந்தச் சுதந்திரம் கிடைக்கும்.

கைப்பேசியில் எல்லோரையும் ஒரே அழைப்பில் சேர்த்துப் பேசினால் போதாதா என்று ஓர் இளைஞர் கேட்டார். நெடுஞ்சாலையில் போதும், தூர வரம்பே இல்லை, எந்த மலிவுக் கருவியும் உதவும். ஆலியாறு தாண்டி வால்பாறைக்கு 40 வளைவுகள் ஏறும்போது கோபுரச் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். நமக்குக் குரல் அதிகம் தேவைப்படும் இடம் அதுதான்.

எந்தக் கருவியை வாங்கினாலும் அதைப் பொருத்துவதில் காட்டும் அக்கறையைப் பொறுத்தே அதன் தரம் காதில் தெரியும். ஸ்பீக்கர் காதுத் துளைக்கு நேராக இல்லாமல் ஒரு விரல்கடை விலகினால் விலை உயர்ந்த ஸ்பீக்கரும் கிணற்றுக்குள்ளிருந்து பேசும். பலர் தொடக்கத்தில் கருவியைக் குறை சொல்லித் திருப்பி அனுப்புவது இதனால்தான். ஹெல்மெட்டை அணிந்து, உள்ளே விரலை விட்டுக் காது எங்கே வருகிறது என்று தடவிப் பார்த்துச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டு, அங்கே வெல்க்ரோவை ஒட்டுங்கள். முழுமுக ஹெல்மெட்டுக்குத் தாடைப் பகுதியில் ஒட்டும் சிறு மைக். முகம் திறந்த ஹெல்மெட்டுக்குப் பஞ்சு உறை போட்ட தண்டு மைக். உள்ளே காதுப் பகுதியில் ஸ்பீக்கருக்கான பள்ளம் இல்லாத ஹெல்மெட்டில் இடம் போதவில்லை என்று தெர்மோகோல் அடுக்கைச் செதுக்கும் மெக்கானிக்குகளைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதற்கு இடம் கொடுக்காதீர்கள். விழும்போது தலையைக் காப்பது அந்த அடுக்குதான். ஐஎஸ்ஐ முத்திரை பெற்றது செதுக்கப்படாத ஹெல்மெட்.

சத்தத்தைக் கூட்டுவது பற்றியும் ஒரு வார்த்தை. 85 டெசிபலை எட்டு மணி நேரம் வரை காது தாங்கும் என்பது அமெரிக்காவின் தொழில் நலக் கழகமான நியோஷ் வகுத்த அளவு. ஒவ்வொரு மூன்று டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகிவிடும். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம். நெடுஞ்சாலை வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் சுழலும் காற்றே அந்த எல்லையைத் தொட்டுவிடும். அதை மிஞ்சும்படி ஸ்பீக்கரை ஏற்றினால் சேதம் இரட்டிப்பு. நுரைப்பஞ்சுக் காதடைப்பான் வைத்துக்கொண்டு ஸ்பீக்கரைக் கேளுங்கள். முதலில் விநோதமாக இருக்கும். பத்து நிமிடத்தில் இரைச்சல் பின்னுக்குப் போய்க் குரல் முன்னுக்கு வந்து நிற்கும். பத்து ரூபாய்ப் பஞ்சு இது.

எங்கள் குழு இப்போது முழுக்கவும் கார்டோ. சென்ற மார்கழியில் மீண்டும் கொல்லிமலை ஏறினோம். முன்னால் போனவர் வளைவுக்கு வளைவு ஒற்றைச் சொல்லாகச் சொல்லிக்கொண்டே போனார்: பஸ், மணல், மாடு, காலி. நாங்கள் யாரும் பதில் பேசவில்லை. மலை மேலிருக்கும் செம்மேடு வரும்வரை அந்த ஒரு குரல் மட்டும்தான் கேட்டது.