நாசில் விட்டுப்போனால்: கிளீனிங்கா, ஊறவைப்பதா, சிரிஞ்சா, ஹெட் மாற்றுவதா?

பேனர், வினைல் அடிக்கும் பெரிய இங்க்ஜெட் பிரிண்டரின் ஹெட்டில் இங்க் பீய்ச்சும் நுண்துளைகள்தான் நாசில்கள். டெஸ்ட் பிரிண்டில் கோடு விட்டுப்போனதும் முதலில் கை போவது கிளீனிங் பட்டனுக்குத்தான். சரியாகவில்லை என்றால் மறுபடி ஒரு முறை, பிறகு 'ஸ்ட்ராங்', அதற்கும் மசியவில்லை என்றால் "ஹெட் போச்சு" என்ற முடிவு. இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே வேறு வழிகள் இருக்கின்றன. எதை எடுப்பது என்பதைச் சொல்ல வேண்டியது, சில நிமிட இடைவெளியில் எடுத்த மூன்று நாசில் செக் (ஒவ்வொரு நாசிலும் ஒரு சிறு கோடு அடிக்கும் டெஸ்ட் பிரிண்ட்) தாள்கள்.

அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எப்சனின் டிஎக்ஸ்5 ஹெட்டில் வரிசைக்கு 180 நாசில் வீதம் 8 வரிசை. அதே எப்சனின் எக்ஸ்பி600-ல் 180 வீதம் 6 வரிசை. மூன்று தாளிலும் அதே நாசில்கள்தான் இல்லை என்றால் அது பெரும்பாலும் அடைப்பு. ஒவ்வொரு தாளிலும் வேறு வேறு இடத்தில் விடுகிறதென்றால் நாசிலில் குறை இல்லை. காற்று புகுந்திருக்கிறது, அல்லது ஹெட்டை மூடும் கேப் சரியாக உட்காரவில்லை. கோடு இருக்கிறது, ஆனால் சாய்ந்து விழுகிறது என்றால் நாசில் வாயில் காய்ந்த இங்க் அல்லது ஹெட்டைத் துடைக்கும் வைப்பர் இழுத்துவிட்ட நூல். நாசில் செக் சுத்தமாக வந்து, பெரிய சாலிட் கலரில் (ஒரே கலர் நிரம்பிய பரப்பில்) மட்டும் வெளுக்கிறதென்றால் இங்க் வரத்து குறைகிறது. நாசில் செக் முழுசாக இருந்தும் சீரான இடைவெளியில் குறுக்குக் கோடு விழுந்தால் ஹெட்டைத் தொடவே வேண்டாம், அது மீடியா ஃபீட் ஸ்டெப் (ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மீடியா நகரும் தூரம்) கணக்கு.

இங்கே சொல்வது எக்கோ சால்வன்ட் (மென்மையான கரைப்பான் கலந்த இங்க்) மெஷின்களை மனதில் வைத்து. யூவி (புற ஊதா வெளிச்சத்தில் கெட்டியாகும் இங்க்), லேடக்ஸ் (தண்ணீர் அடிப்படையிலான இங்க்) இரண்டும் எங்கே மாறுபடும் என்பது கீழே.

கிளீனிங்

கேப் மேலே எழுந்து ஹெட்டின் முகத்தை மூடுகிறது, பம்ப் உறிஞ்சுகிறது, வைப்பர் துடைக்கிறது. மொத்த வேலையும் வெற்றிடத்தை நம்பியது. கேப்பின் ரப்பர் விளிம்பில் கடுகளவு இங்க் கட்டி காய்ந்திருந்தாலும் பம்ப் காற்றைத்தான் இழுக்கும். அந்த நிலையில் பத்து முறை கிளீனிங் கொடுத்தாலும் பயன் இல்லை. கேப்பில் நுரை சேரும், வேஸ்ட் டேங்க் நிறையும், நல்ல நாசில்களும் சேர்ந்து விட ஆரம்பிக்கும். சாதாரண கிளீனிங் இரண்டு, நடுவே 20 நிமிட ஓய்வு, அதோடு நிறுத்துவது நல்லது. ஓய்வு நேரத்தில் சிறு காற்றுக் குமிழ்கள் அடங்குவதால், சில சமயம் அதுவே போதுமானதாக இருக்கும்.

அடுத்த முடிவுக்கு முன் கேப்பைச் சோதித்துவிடுங்கள். மெஷினை அணைத்து, ஹெட்டைத் தாங்கி நகரும் கேரேஜை ஓரமாக நகர்த்தி, அந்த இங்குக்கு உரிய கிளீனிங் திரவத்தைக் கேப்பின் விளிம்பு வரை ஊற்றி ஐந்து நிமிடம் பாருங்கள். தானாகவே வேகமாக வடிந்தால், பல மெஷின்களில் அது பம்ப் குழாய் தளர்ந்ததன் அறிகுறி. பிறகு கிளீனிங் கொடுங்கள். சில நொடிகளில் திரவம் இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் குழாய் அடைத்திருக்கிறது அல்லது பம்ப் சுற்றவில்லை. இறங்குகிறது, ஆனால் ஹெட்டிலிருந்து இங்க் வரவில்லை என்றால் கேப்பின் விளிம்பு ஒட்டி உட்காரவில்லை. விளிம்பைப் பஞ்சு உதிராத ஃபோம் குச்சியால் துடையுங்கள். ரப்பர் வீங்கியோ வளைந்தோ இருந்தால் கேப்பை மாற்றிவிடுங்கள். 'ஹெட் கோளாறு' என்று சொல்லப்படும் பலவும் இந்தச் சிறிய ரப்பர் விளிம்பில்தான் முடிகின்றன.

ஊறவைப்பது

கிளீனிங் விசையால் இழுக்கிறது. ஊறல் நேரத்தால் இளக்குகிறது. மெஷின் சில நாள் ஓடாமல் நின்று நாசில் வாயில் இங்க் காய்ந்திருந்தால் ஊறல்தான் சிறந்தது, ஆபத்தும் குறைவு. கேப்பைத் திரவத்தால் நிரப்பி, ஹெட்டை அதன் மேல் நிறுத்தி, சில மணி நேரம் அல்லது ஓர் இரவு விடுங்கள். காலையில் ஒரே ஒரு சாதாரண கிளீனிங். ஓர் இரவுக்கு மேல் நீட்ட வேண்டாம். நாசில் தட்டை ஒட்டியிருக்கும் பசை கரைப்பானில் நெடுநேரம் கிடக்கக் கூடாது.

திரவத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். எக்கோ சால்வன்ட் இங்கில் தண்ணீர் பட்டால் திரிந்து இன்னும் மோசமாக அடைக்கும். தின்னர், அசிட்டோன் போன்றவை ஓ-ரிங்கையும் டேம்பரையும் (ஹெட்டுக்கு முன் இங்க் தங்கும் சிறு அறை) வீங்கவைக்கும், பசையை அரிக்கும். ஊறல் எட்டாத இடம் ஒன்று உண்டு: ஹெட்டுக்கு உள்ளே, நாசிலுக்கு மேலே இருக்கும் ஃபில்டர்.

சிரிஞ்ச்

அந்த இடத்தை எட்டுவது சிரிஞ்ச். ஹெட்டை நிரந்தரமாகக் கெடுக்கக்கூடியதும் அதுதான். ஆகவே, கேப் சோதனையில் தேறி, ஊறவைத்தும் அதே நாசில்கள் திறக்காதபோது மட்டும்.

பவரை அணைத்து பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். ஹெட்டை போர்டோடு இணைக்கும் ஃபிளாட் கேபிளின் சாக்கெட்டை பிளாஸ்டிக் தாளால் மூடி ஒட்டுங்கள். ஹெட்டுக்குக் கீழே பஞ்சு உதிராத துணி. டேம்பரைக் கழற்றி, 10 மி.லி. சிரிஞ்சில் மென்மையான சிலிக்கான் குழாய்த் துண்டு மாட்டி, ஹெட்டின் இங்க் முனையில் பொருத்துங்கள். 2 முதல் 3 மி.லி. வரை, கட்டைவிரல் பாரம் மட்டும். திறந்த நாசில்களிலிருந்து மெல்லிய நூல் நூலாக நேராக இறங்கும். சாய்ந்து தெறிக்கும் இடத்தில் இன்னும் அழுக்கு இருக்கிறது. நகரவே இல்லை என்றால் அழுத்தாதீர்கள், பத்து நிமிடம் ஊறவிட்டுத் திரும்ப முயலுங்கள். பின்னோக்கி இழுக்கவும் வேண்டாம். கீழே இருக்கும் அழுக்கு ஃபில்டருக்கும் நாசிலுக்கும் நடுவே போய் உட்காரும்.

அழுத்தம் மிஞ்சினால் ஹெட்டின் அடுக்குகள் பிரிந்து ஒரு கலர் பக்கத்து வரிசையில் கசியும். அதற்குப் பிறகு ரிப்பேர் கிடையாது. சாக்கெட்டில் ஒரு துளி இறங்கிய நிலையில் பவர் போட்டால் ஹெட்டோடு போர்டின் ஃபியூஸும் ஹெட்டை இயக்கும் டிரைவரும் சேர்ந்து போகலாம்.

டேம்பரும் இங்க் வரத்தும்

சாலிட் கலரில் வெளுக்கும் பிரச்சினைக்கு மேலே சொன்ன மூன்றும் மருந்தல்ல. ஒரே கலரை 100 சதவீதத்தில் ஒரு மீட்டர் நீளம் அடித்துப் பாருங்கள். தொடக்கத்தில் அடர்த்தியாக வந்து போகப்போக வெளுத்து, சில நிமிட ஓய்வுக்குப் பின் திரும்ப நன்றாக வந்தால், ஹெட் இங்குக்காகக் காத்திருக்கிறது. டேம்பரின் ஹெட் பக்க வாயில் சிரிஞ்ச் வைத்து 5 மி.லி. மெதுவாக இழுங்கள். குமிழ் இல்லாமல் வந்தால் வரத்து சரி. இறுக்கமாக இருந்தால் டேம்பர் ஃபில்டர் அல்லது மடங்கிய குழாய். குமிழோடு வந்தால் ஓ-ரிங் அல்லது நட்டு. இரவில் குழாயிலிருக்கும் இங்க் மட்டத்தை மார்க்கரால் குறித்துவையுங்கள். காலையில் அது பின்வாங்கியிருந்தால் எங்கோ காற்று புகுகிறது. டேம்பர் மலிவான பாகம். சிரிஞ்சைத் தொடுவதற்கு முன்பே சந்தேகப்பட்ட கலருக்குப் புது டேம்பர் போட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

யூவி, லேடக்ஸ்

யூவி இங்க் ஒரு முறை கெட்டியாகிவிட்டால் எந்தக் கிளீனிங் திரவத்திலும் திரும்பக் கரையாது. பளபளப்பான அக்ரிலிக், உலோகத் தகடு போன்றவற்றில் லேம்ப் வெளிச்சம் பட்டுத் திரும்பி நாசில் தட்டிலேயே இங்கைக் காயவைக்கும். அங்கே ஊறலுக்கு வேலை குறைவு. லேம்ப் பவரையும் ஹெட் உயரத்தையும் சரிபார்ப்பதுதான் முதல் வேலை. எச்பி லேடக்ஸ் மெஷின்களில் இருப்பது தெர்மல் ஹெட் (சூட்டால் இங்கைத் தள்ளும் வகை). பயன்படுத்துபவரே கழற்றி மாட்டும்படி அமைந்தது. அதில் சிரிஞ்ச் வேலைக்கே இறங்க வேண்டாம், ஹெட்டை மாற்றுங்கள்.

ஹெட் மாற்றம்

பீசோ ஹெட்டை (டிஎக்ஸ்5, எக்ஸ்பி600 போல, மின்சாரத்தில் அசையும் பொருளால் இங்கைத் தள்ளும் வகை) மாற்ற நியாயமான காரணங்கள் மூன்று. உள்ளே கலர் கலப்பது. மீடியா உரசி நாசில் தட்டில் கீறல் விழுந்தது. சிரிஞ்சில் நூல் நூலாக நேராக இறங்கியும், ஃபிளாட் கேபிள் புதிதாகப் போட்டும், அதே வரிசை அடிக்காமல் இருப்பது. மூன்றாவதில் மெயின் போர்டு டிரைவர் மீதும் சந்தேகம் வையுங்கள். எரிந்த டிரைவரில் புது ஹெட்டைச் செருகினால் அதையும் இழக்க நேரும், ஆகவே முதலில் போர்டைத் தெரிந்தவரிடம் காட்டிவிடுங்கள். எக்ஸ்பி600 விலை குறைவு என்பதால் சோதனை செய்யாமலே மாற்றிவிடும் பழக்கம் இருக்கிறது. பழைய கேப்பும் டேம்பரும் அப்படியே இருந்தால் புது ஹெட்டிலும் அதே இடைவெளிகள் வரும்.

மாற்றும்போது கேப், வைப்பர், டேம்பர், ஃபிளாட் கேபிள் எல்லாம் புதிதாக இருக்கட்டும். கேபிளை நேராகச் செருகுங்கள், பவர் இருக்கும்போது ஒருபோதும் கழற்றாதீர்கள். ஹெட்டின் மேல் அச்சிட்டிருக்கும் ரேங்க் அல்லது வோல்டேஜ் எண்ணை, மெஷின் கேட்டால் உள்ளிடுங்கள். பிறகு முதலில் ஹெட்டின் சாய்வைத் திருகு வைத்துச் சரிசெய்து, அடுத்து கலர்களின் நேர்கோட்டையும், அதன்பின் போகும், திரும்பும் ஓட்டங்கள் ஒத்துவிழும் பை-டைரக்‌ஷனையும், கடைசியாக ஃபீட் ஸ்டெப்பையும் பாருங்கள். சாய்வு சரியாகும் முன் ஸ்டெப்பைத் தொட்டால் மீண்டும் தொடக்கத்திலிருந்து செய்ய வேண்டிவரும்.