கின்சாவா, கியோனா? கலைக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு இன்னொன்று

ஜப்பானுக்குத் திட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் பிரித்துக்கொள்கிறார்கள்: நல்ல சாப்பாட்டுக்கும் கடைகளுக்கும் டோக்கியோவின் கின்சா, பழைய ஜப்பானைப் பார்க்க கியோட்டோவின் கியோன். இரண்டும் பணக்காரப் பேட்டைகள். இரண்டிலும் ஓர் இரவுச் சாப்பாட்டுக்குத் தலைக்கு 30,000 யென்னைத் தாண்டுவது சர்வசாதாரணம். ஆனால் வெளியிலிருந்து போகும் நமக்கு அந்தப் பிரிவினை நேர் தலைகீழ் என்பது என் கட்சி. கலையைப் பார்க்க கின்சாதான் தோது. சாப்பிட உட்கார கியோன்.

முதலில் கியோன். ஹனாமிக்கோஜி தெருவில் மாலை நேரத்தில் நடந்தால் கண்ணுக்கு எல்லாமே அழகுதான். இருண்ட மரச்சட்ட வீடுகள், மூங்கில் தடுப்புகள், வாசலில் தொங்கும் காகித விளக்குகள். ஆனால் ஆட்டமும் பாட்டும் நடப்பது அந்த வாசல்களுக்கு உள்ளே, ஓச்சாயா எனப்படும் விருந்து வீடுகளில். பழைய வாடிக்கையாளர் யாராவது அறிமுகம் செய்துவைக்காமல் அங்கே நுழைய முடியாது. கையில் எவ்வளவு பணம் இருந்தாலும் சரி.

இதைத் திமிர் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த வீடுகளில் வழக்கமாக அன்றைக்கே பணம் வாங்குவதில்லை. ஆட வரும் கெய்கோவின் (கெய்ஷா என்னும் ஆடல் பாடல் கலைஞருக்கு கியோட்டோவில் இதுதான் பெயர்) சம்பளம், வெளியே சமைத்து வரவழைக்கும் சாப்பாட்டின் செலவு, விருந்தாளி வீடு திரும்பும் டாக்சி வரை வீட்டு அம்மாவே முன்பணம் போட்டுவிட்டு, பிறகுதான் கணக்கு அனுப்புவார். முன்பின் தெரியாதவருக்கு யார் அப்படிக் கடன் கொடுப்பார்கள்? அறிமுகம் செய்தவர்தான் ஜாமீன்.

ஆகவே நமக்கு மிஞ்சுவது தெரு. அதுவும் குறைந்துகொண்டே வருகிறது. வேலைக்கு விரையும் மைக்கோ பெண்களை, அதாவது கெய்கோ ஆகப் பயிலும் இளம்பெண்களைக் கேமராவோடு துரத்தி, கிமோனோ கையைப் பிடித்து இழுத்த பயணிகளால், 2019-ல் தனியார் சந்துகளில் படம் எடுக்கத் தடை வந்தது. 2024-ல் சில சந்துகளுக்குள் நுழைவதற்கே தடை. மீறினால் 10,000 யென் அபராதம் என்று பலகை நிற்கிறது. எனக்கு இதில் முழுச் சம்மதம்.

சரி, டிக்கெட் வாங்கிப் பார்க்க எதுவுமே இல்லையா? இருக்கிறது. ஏப்ரலில் மியாகோ ஓடோரி நடன விழா. தலைநகர் டோக்கியோவுக்குப் போய்விட்ட பிறகு ஊருக்குப் புத்துயிர் கொடுக்க 1872-ல் தொடங்கியது. அந்த மாதத்தில் போகிறவர்கள் தவறவிடக் கூடாது. மற்ற மாதங்களில் பயணிகளை அனுப்பிவைக்கும் இடம் கியோன் கார்னர். தேநீர்ச் சடங்கு, பூ அலங்காரம், கோத்தோ வாத்தியம், பொம்மலாட்டம் என்று ஏழு கலைகளை ஒரு மணி நேரத்தில் காட்டிவிடுவார்கள். பந்தியில் எல்லாவற்றிலும் ஒரு கரண்டி வைத்துவிட்டு உடனே இலையை எடுத்துவிட்டால் எப்படி இருக்கும், அப்படி.

இப்போது கின்சா. சந்திப்பில் 1932-ல் கட்டிய வாக்கோ மணிக்கூண்டு, சுற்றிலும் பிரெஞ்சு, இத்தாலியக் கடைகளின் கண்ணாடி முகப்பு. பார்த்தால் பாரம்பரியத்துக்கும் இதற்கும் ஏழாம் பொருத்தம் என்றுதான் தோன்றும். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் கபுகிசா. 1889-ல் திறந்த நாடக அரங்கு. தீ, நிலநடுக்கம், குண்டுவீச்சு எல்லாவற்றையும் கண்டு பலமுறை எழுந்தது. இப்போதிருக்கும் கட்டடம் 2013-ல் திறந்தது. பின்னால் 29 மாடி அலுவலகக் கோபுரம் நிற்கிறது.

இங்கே ஏறக்குறைய மாதம் தவறாமல் கபுகி என்ற பழைய ஜப்பானிய நாடகம் உண்டு. முழு நாடகம் பார்க்க நாலைந்து மணி நேரம் பொறுமை வேண்டும். நல்ல இருக்கை கையைக் கடிக்கும். ஆனால் ஒரே ஓர் அங்கத்துக்கு மட்டும் தனி டிக்கெட் விற்கிறார்கள். நான்காம் மாடி, மேடையிலிருந்து வெகு தூரம், விலையோ பெரும்பாலும் ஒன்றிரண்டாயிரம் யென் வாக்கில். இதற்கு ஈடான பேரம் டோக்கியோவில் வேறில்லை. அந்த உயரத்துக்கு ஒரு தனிச் சிறப்பும் உண்டு. உச்சக் கட்டத்தில் நடிகர் தலையைச் சுழற்றி, ஒரு கண்ணை மூக்குப் பக்கம் திருப்பி அப்படியே உறைந்து நிற்பார். மேடை ஓரத்தில் ஒருவர் மரக்கட்டைகளால் பலகையில் படபடவென்று தட்டுவார். அந்த நொடியில் நமக்குப் பின்னாலிருந்து ஒரு கரகரத்த குரல் நடிகரின் பரம்பரைப் பெயரைச் சொல்லிக் கத்தும். "நாரித்தாயா!" கத்துவது யாரோ வெறி பிடித்த ரசிகர் இல்லை. எந்த இமைப்பொழுதில் கத்த வேண்டும் என்று பல வருஷம் பழகியவர்கள், அவர்களுக்கென்று சங்கமே உண்டு. வழக்கமாக அவர்கள் இடம்பிடிப்பது மேல்மாடியில்தான்.

வேடிக்கை என்னவென்றால், கபுகியின் பிறப்பிடம் கியோட்டோ. 1603-ல் ஒகுனி என்ற பெண் காமோ ஆற்றங்கரையில் ஆடிக் காட்டியதிலிருந்து வந்த கலை இது. கியோன் விளிம்பில், மினாமிசா அரங்கின் அருகே அவருக்குச் சிலையும் இருக்கிறது. டிசம்பரில் மினாமிசாவில் நடக்கும் கபுகிக்கு ஊரே அலங்கரித்துக்கொண்டு வரும். ஆனால் நாம் போகும் தேதியில் அங்கே கபுகி இருக்குமா என்பது நம் அதிர்ஷ்டம்.

கின்சாவில் இன்னொன்று: கின்சா சிக்ஸ் என்ற ஆடம்பர வணிக வளாகத்தின் மூன்றாம் அடித்தளத்தில், நோ எனும் பழைய முகமூடி நாடகத்தின் கான்சே மரபினருக்கு உரிய அரங்கு. ஷிபுயாவில் இருந்த பழைய மர மேடையைக் கூரையோடு பெயர்த்து வந்து 2017-ல் இங்கே வைத்தார்கள். மேலே கைப்பை விற்பனை, கீழே முகமூடி அணிந்து மெல்ல அடியெடுத்து வைக்கும் ஆவி. கெய்ஷா நடனமும் உண்டு. ஷின்பாஷி எம்புஜோ அரங்கில் மே மாதக் கடைசியில் சில நாள் அசுமா ஓடோரி. அறிமுகம் வேண்டாம், டிக்கெட் போதும்.

சாப்பாட்டுக்கு வருவோம். கின்சா என்றால் சூஷி. கடலை ஒட்டிய ஊர், பதப்படுத்தும் வித்தை அதன் பெருமை. கொஹாதா என்ற சிறு மீனை உப்பிலும் வினிகரிலும் ஊறவைப்பது, சூரையைச் சோயாவில் ஊறவைப்பது, விலாங்கை மெத்தென வேகவைப்பது. ஒப்புக்கொள்கிறேன், உச்சத்தில் இதற்கு இணையில்லை. ஆனால் பெயர் பெற்ற கடைகளில் சமையல்காரருக்கு எதிரே பத்துப் பேர் அமரும் பலகைதான். சில இடங்களில் பொதுமக்களுக்கு முன்பதிவே கிடையாது. சுகியாபாஷி ஜிரோ என்ற புகழ்பெற்ற சூஷிக் கடையை மிஷெலின் உணவக வழிகாட்டி 2019-ல் பட்டியலிலிருந்து எடுத்ததற்குக் காரணமே அதுதான். அதாவது, கியோனின் விருந்து வீட்டுப் பூட்டு இங்கே சூஷிக் கடைக் கதவில் தொங்குகிறது.

கின்சாவில் நான் விரும்புவது அந்த உச்சியை அல்ல, பழைய எளிய கடைகளை. 1875-ல் மெய்ஜி பேரரசருக்குப் படைத்த அதே பயறு பன்னை, நடுவில் உப்பிட்ட செர்ரிப் பூ வைத்து, கிமுராயா இன்னமும் விற்கிறது. கபுகிசாவுக்குப் பக்கத்தில் நாயர்ஸ் உணவகம். சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்டு ஜப்பானில் தங்கிவிட்ட மலையாளி ஏ. எம். நாயர் 1949-ல் தொடங்கியது. கோழித்தொடை, மஞ்சள் சோறு, முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு ஒரே தட்டில் வரும். பரிமாறுகிறவர் எலும்பை உருவிவிட்டு, எல்லாவற்றையும் நன்றாகக் கலந்து சாப்பிடச் சொல்வார். எதையும் தனித்தனியாக வைத்துச் சாப்பிடும் நாட்டில் இந்தக் கட்டளை எனக்கு ரொம்பப் பிடித்தது.

கியோன் சமையல் வேறு மாதிரி. கடல் தூரம் என்பதே அதை உருவாக்கியது. வடக்குக் கடற்கரையிலிருந்து உப்பிட்டுச் சுமந்து வந்த கானாங்கெளுத்தியை வைத்துச் செய்யும் சூஷியை இசூ கடையில் 1781-லிருந்து விற்கிறார்கள். ஹொக்கைடோவிலிருந்து வந்த உலர்ந்த ஹெரிங் மீனை இனிப்பாகச் சமைத்து நூடுல்சுக்கு அடியில் ஒளித்துவைத்துத் தருவது மினாமிசாவை ஒட்டிய மாட்சுபா. இரண்டுக்கும் அறிமுகக் கடிதம் வேண்டாம்.

கோடையில் போனால் ஹாமோ. விலாங்கு இனம். அந்தக் காலத்தில் கோடை வெயிலிலும் உயிரோடு கியோட்டோ வந்து சேர்ந்த மீன். உடம்பெல்லாம் மயிரிழை முள். சமையல்காரர் நம் கண்ணெதிரே கனமான கத்தியை எடுத்து, 3 சென்டிமீட்டருக்கு 24 வெட்டு வாக்கில், தோல் அறுபடாமல் சதையை மட்டும் நறுக்கிக்கொண்டே போவார். சரக் சரக் என்று முள் அறுபடும் சத்தம் கேட்கும். வெந்நீரில் போட்டதும் வெள்ளைப் பூவாக விரியும். புளித்த பிளம் விழுதோடு தருவார்கள். இரவில் எட்டாத இந்தக் கடைகளில் பலவற்றில் மதியம் பாதி விலைக்கும் கீழே சாப்பிடலாம். ஹோட்டல்காரரிடம் சொன்னால் பதிவு செய்து தருவார். கியோட்டோவின் பாரம்பரியத்தை ஒரு அந்நியருக்கு நேருக்கு நேர் காட்டும் இடம் சமையல்காரருக்கு எதிரே உள்ள இந்தப் பலகைதான்.

சைவக்காரர்களுக்குக் கூடுதல் எச்சரிக்கை. இரண்டு பேட்டையிலும் வெறும் காய்கறிக் கூட்டில்கூட உலர்மீன் சாறு இருக்கும். "மீன் வேண்டாம்" என்றால் மீன் துண்டை மட்டும் எடுத்துவிடுவார்கள். பதிவு செய்யும்போதே சாறு உட்படச் சொல்லிவிட வேண்டும், போய் உட்கார்ந்தபின் சொன்னால் அவர்களுக்கும் தர்மசங்கடம். இதிலும் கியோட்டோதான் கை கொடுக்கும்: கடற்பாசியும் காளானும் போட்டுச் சாறெடுக்கும் புத்த மடத்துச் சமையல். அதற்கு கியோனை விட்டு, அராஷியாமாவின் தென்ரியூஜி கோயில் வரை போக வேண்டியிருக்கும். அங்கே மதியச் சாப்பாடு மட்டும்தான்.