முதலில் எதை இனப்பெருக்கம் செய்யலாம்: லெப்பர்ட் கெக்கோ என்ற வளர்ப்புப் பல்லியா, வெய்ல்டு பச்சோந்தியா?

லெப்பர்ட் கெக்கோ ஒரு தடவைக்கு இரண்டு முட்டைதான் இடும். சூட்டைப் பொறுத்து ஏறத்தாழ இரண்டு மாதத்தில் குஞ்சு வந்துவிடும். விற்காமல் போனாலும் நாமே வைத்து வளர்க்கலாம்.

ஏமன், சவூதியைச் சேர்ந்த வெய்ல்டு பச்சோந்தி அப்படியில்லை. ஒரே ஈட்டில் 30, 40, சில சமயம் அதற்கு மேலும் முட்டைகள். பொரிய ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். அப்புறம் வளர வளரத் தனித்தனிக் கூண்டு, புற ஊதா விளக்கு, தினமும் சின்னப் பூச்சிகள், நீர்த்தெளிப்பு. ஆண் துணை இல்லாமலும் பெண் முட்டையிடும். தோண்ட மண் இல்லாவிட்டால் முட்டை உள்ளேயே தங்கி உயிரையே எடுத்துவிடும். வாங்குபவரிடம் இதைச் சொல்லாமல் பெண் பச்சோந்தியை விற்பது கொடுமை. சலித்துப்போய் வெளியே விடுவதும் ஆபத்துதான்: ஃப்ளோரிடாவிலும் ஹவாயிலும் இவை பெருகிவிட்டன.

கெக்கோவில் சிக்கல் நிற வகைகளில் இருக்கிறது. லெமன் ஃப்ராஸ்ட் வகையில் 80 சதவீதத்துக்கு மேல் தோல் கட்டி வருகிறது. 2021இல் வெளியான மரபணு ஆய்வு அந்த நிறத்தையும் கட்டியையும் ஒரே மரபணுப் பகுதியோடு இணைத்தது. எனிக்மா வகைக்கு நரம்புக் கோளாறு. எவ்வளவு விலை கிடைத்தாலும் இவற்றை இணைசேர்க்காதீர்கள்.

புதியவர்களுக்குக் கெக்கோவே சரி. பச்சோந்திதான் வேண்டுமென்றால், குஞ்சுகளை வாங்க ஆட்கள் உறுதியான பிறகே ஜோடி சேருங்கள்.