மூன்று பிடியா, ஒரே அமுக்கா? கொடைக்கானல் ஈரத்தில் பைப்

புகையிலை பைப் பிடிப்பவர்கள் இருவர் சேர்ந்தால் எந்த மரம், எந்தக் கம்பெனி என்றுதான் பேச்சு ஓடும். கொடைக்கானலில் அதெல்லாம் இரண்டாம்பட்சம். இங்கே காரியத்தைக் கெடுப்பது ஈரம். 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். கங்கு சாதாரணமாகவே மந்தமாக எரியும். ஐப்பசி மழையும் மூடுபனியும் சேர்ந்துவிட்டால், மதுரையில் ஒழுங்காகப் புகைந்த அதே புகையிலை இங்கே நாலு இழுப்பில் அணைந்துபோகும். அதனால் முதலில் பார்க்க வேண்டியது, எப்படி நிரப்புவது என்பதைத்தான்.

பழைய முறை மூன்று பிடி. முதல் பிடியைத் தளர்வாக உதிர்த்துவிட்டு, குழந்தையின் கை படுவதுபோல் லேசாக அமுக்கு. அடுத்ததைப் பெண்ணின் கையால், கடைசியை ஆணின் கையால் என்பது மேல்நாட்டுச் சொலவடை. (பூம்பாறையில் பூண்டு பிடுங்கும் பெண்களைப் பார்த்தவர்கள் இந்த வரிசையை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.) அடியில் தளர்வு, மேலே இறுக்கம் என்பதுதான் விஷயம். இதற்குப் போட்டி ஃபிராங்க் முறை. பைப்பின் குழிக்கு மேல் புகையிலையைக் குவியலாக வைத்து, விளிம்பில் தொங்கும் இழைகளைச் சுற்றிச் சுற்றி உள்ளே தள்ளி, கட்டைவிரலால் திருகினாற்போல் ஒரே அமுக்கு. மேலே மூடி போட்டதுபோல் புகையிலை நிற்கும். அடியில் காற்றுக்கு இடம் இருக்கும்.

காய்ந்த புகையிலை என்றால் என் ஓட்டு ஃபிராங்க் முறைக்குத்தான். காற்று தாராளமாக ஓடும், திரும்பத் திரும்பப் பற்றவைக்கிற தொல்லை குறைவு. ஆனால் மலை ஈரத்தில் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அந்த ஒரே அமுக்கில் மேல்பகுதி அடைப்பாகிவிடும். அப்புறம் நெருப்பு பட்டதும் புகையிலை உப்பி எழும்போது இன்னும் இறுகும். மூன்று பிடியில் ஒவ்வொரு கட்டத்திலும் உறிஞ்சிப் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம். பழகுகிறவர்களுக்கு மழைக்காலத்தில் இதுவே நல்லது. எந்த முறையானாலும் பற்றவைக்கும் முன் ஒருமுறை வெறுமனே உறிஞ்சுங்கள்: இளநீரை ஸ்ட்ராவில் குடிக்கும்போது இருக்கிற தடை போதும். கன்னம் உள்ளே ஒட்டினால் கொட்டிவிட்டு மறுபடி நிரப்ப வேண்டியதுதான். கம்பியால் குத்தித் துளைபோடுவது தற்காலிக வைத்தியம்.

டின்னிலிருந்து நேராக நிரப்புவதா, உலர்த்திவிட்டா? இதில் அலச ஒன்றுமில்லை, இங்கே உலர்த்தியே ஆக வேண்டும். காகிதத்தில் பரப்பி, விளக்கு வெளிச்சத்துக்குக் கீழே கொஞ்ச நேரம் விடுங்கள். ஒரு சிட்டிகை எடுத்து நசுக்கினால் உருண்டையாகவே நிற்கக் கூடாது, மெல்லப் பிரிய வேண்டும். பொடிப்பொடியாக நொறுங்கினால் அதிகம் காய்ந்துவிட்டது. செர்ரி, வெனிலா வாசனை சேர்த்த ரகங்களில் பல எவ்வளவு நேரம் வைத்தாலும் பிசுபிசுப்பு விடாது. ஈரத்தைப் பிடித்துவைக்கும் புரொப்பிலீன் கிளைகால் அவற்றில் கலந்திருக்கும். மலைக்கு அவை வேண்டாம். கீழே சமவெளியில் வேடசந்தூரில் புகையிலை ஆராய்ச்சி நிலையமே இருந்தாலும், அந்தப் பக்கத்துப் பெயர்போன சரக்கு மெல்லவும் சுருட்டுக்கும்தான். பைப்புக்குக் காரம் தாங்காது.

தீக்குச்சியா, லைட்டரா? குச்சி நனைந்த தீப்பெட்டியில் உரசி உரசியே பொறுமை போய்விடும், சரி. ஆனால் சீறிப் பாயும் ஜெட் லைட்டர் உயரமான ஊர்களில் பற்றவே தகராறு செய்யும். பற்றினாலும் பைப் விளிம்பைக் கருக்கும். மெதுவாக எரியும் சாதாரண கேஸ் லைட்டரோ, காற்றுப்புகாத டப்பாவில் வைத்த சிவகாசிக் குச்சியோ போதும். குச்சியின் மருந்து எரிந்து தீர்ந்தபின் கிட்டே கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் முதல் இழுப்பில் கந்தகம்தான். முதல் நெருப்பு மேல்பரப்பைக் கருக்க மட்டும். உப்பி எழுந்ததை லேசாக அமுக்கிவிட்டு இரண்டாம் தடவை பற்றவைத்தால்தான் கங்கு பிடிக்கும்.

பிரையர் வேர்க்கட்டையில் செய்த பைப்பா, மக்காச்சோளக் கதிர்த் தண்டில் செய்ததா? பழகுவதற்கு மக்காச்சோளத் தண்டு. மலிவு, ஈரத்தை உறிஞ்சும், உள்ளே கரி படியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பிரையர் நெடுநாள் உழைக்கும், ஆனால் ஒருமுறை பிடித்தால் ஒரு நாள் காயவிட வேண்டும். இந்த மழையில் இரண்டு நாள் விட்டாலும் தப்பில்லை.

இழுக்கும் வேகத்தில் இரண்டு கட்சி: சுருட்டுக்காரர்கள்போல் பலமாக இழுப்பவர்கள், மூச்சோடு மூச்சாக மெல்ல உறிஞ்சுபவர்கள். முதல் கட்சிக்கு நாக்கு பொரிந்துபோகும், ஏனென்றால் ஈரப் புகையிலையில் வருவது பாதி நீராவி. பைப்பின் வயிற்றைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள்; வைத்திருக்க முடியாத சூடு என்றால் கீழே வைத்துவிடலாம். அணைந்தால் அணையட்டும். புகையை நெஞ்சுக்குள் இழுக்காததால் கெடுதல் இல்லை என்று நினைக்க வேண்டாம்: வாய், நாக்கு, தொண்டைப் புற்றுநோய் பைப்பிலும் உண்டு. இதுவரை தொடாதவர்கள் தொடாமலே இருக்கலாம்.

கடைசியாக, தட்டிக் கொட்டுவதா, சுரண்டி எடுப்பதா. தட்டினால் காம்பு முறியும். அதைவிட, பிப்ரவரியிலிருந்து ஏப்ரல்வரை இங்கே புல் காய்ந்து காட்டுத்தீ பிடிக்கிற காலம். அணைந்ததாகத் தெரியும் சாம்பலுக்குள் கங்கு இருக்கும். சுரண்டி, தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போடுங்கள். கோக்கர்ஸ் வாக்கிலோ பேருந்து நிலையத்திலோ பைப்பை எடுக்கவே வேண்டாம். 2008 அக்டோபரிலிருந்து பொது இடங்களில் புகைக்கத் தடை, அபராதம் பைப்புக்கும் உண்டு.